ஊதினாரா, இழுத்தாரா?

நிவேதா போன் செய்தபோது நான் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவள் சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் சவுண்ட் இன்ஜினியர். அதுவரை அவளை நான் பார்த்ததும் இல்லை, பேசியதும் இல்லை. யாரோ என் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள்.

"எஸ்தர் மேடம், மாஸ்டர்கிட்ட ஸ்கோர் எழுதினவங்க நீங்கதானே? ஒரு இன்ஸ்ட்ருமென்ட் என்னன்னு தெரியணும். சாஃப்ட்வேர் ஒண்ணு சொல்லுது, பழைய சிடி அட்டையில வேற ஒண்ணு போட்டிருக்கு."

"உங்க சாஃப்ட்வேருக்குக் காது எங்கேம்மா இருக்கு?" என்று கேட்டேன். சிரித்தாள். நானும் ஜம்பமாகச் சிரித்தேன். அடுத்த சில நாட்களில் எனக்கே காது இருக்கிறதா என்று சந்தேகம் வரப்போகிறது என்று அப்போது தெரியாது.

எல்லாம் முடிந்த பிறகு அவள்தான், "இதை எழுதுங்க மேடம், இப்பல்லாம் யாரும் எங்களுக்குச் சொல்லித் தர்றதில்லை" என்றாள். எழுத உட்கார்ந்தால், நடந்ததில் பாதி எனக்கே இன்னும் பிடிபடவில்லை. பிடிபட்டவரைக்கும் எழுதுகிறேன்.

நான் தென்காசிக்காரி. சர்ச் பாடகர் குழுவில் பாடப் போய், அங்கே ஆர்கன் வாசித்தவரிடம் ஐந்து கோட்டு இசைக்குறிப்பு எழுதக் கற்றேன். என் சித்தப்பா ஒருவர் சென்னையில் சினிமா இசைக்குழுவில் வயலின் வாசித்தார். அவர் கூட்டிக்கொண்டு போய், எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுகிற இசையமைப்பாளரிடம் சேர்த்துவிட்டார். மாஸ்டர் எழுதிய மொத்த ஸ்கோரிலிருந்து ஒவ்வொரு வாத்தியக்காரருக்கும் அவரவர் பகுதியைத் தனியாக எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை. கை வலிக்க வலிக்க எழுதினேன். கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள், கம்ப்யூட்டர் வந்தது, அதிலும் எழுதினேன். ஓய்வு பெற்றதும் கணவரோடு தென்காசிக்கே திரும்பிவிட்டேன். என் சரித்திரம் அவ்வளவுதான்.

மாஸ்டரைப் பற்றித்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அவர் குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் "ரொம்ப நன்றி" என்பார். அப்படி ஒருவரைப் பார்த்துச் சொல்லிவிட்டால் அவருக்கு அன்றைய வேலை முடிந்தது, வீட்டுக்குப் போகலாம் என்று அர்த்தம். புது ஆட்கள் பாராட்டுகிறார் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். நாங்கள்தான் ஜாடை காட்டி எழுப்பிவிட வேண்டும்.

எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரு வாத்தியத்தோடு வருவார். ஆர்மீனியாவில் ஊதுகிற டுடுக், சீனாக்காரர்கள் மடியில் வைத்து வில் போட்டு இழுக்கிற எர்ஹூ, கட்டைவிரலால் தட்டுகிற கலிம்பா என்று அவர் அறை பழைய சாமான் கடை மாதிரி இருக்கும். புதிதாக ஒன்று வந்தால் எங்களைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்வார். பின்னால் யாராவது வாசிப்பார்கள்.

"பேரைச் சொல்லாதே. பேரு யாருக்கு வேணும்? அந்த ஆள் என்ன பண்றான், அதைச் சொல்லு. கை என்ன பண்ணுது? வாய் என்ன பண்ணுது?"

இதுதான் அவருடைய முறை. முதலில் சத்தம் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும். மீட்டினால் சுருக்கென்று வரும். வில் போட்டால் ஆரம்பத்தில் ஒரு சொரசொரப்பு இருக்கும். ஊதினால் சத்தத்துக்கு முன்னால் துளி காற்று வரும். பிறகு சத்தம் எப்படிச் சாகிறது, நடுவில் எங்கே நிற்கிறது என்று கவனிக்க வேண்டும். ஊதுகிறவனுக்கு மூச்சு வாங்க நிறுத்தியே ஆகவேண்டும். இழுக்கிறவனுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, வில்லைத் திருப்பிப் போட்டுக்கொண்டே போகலாம். இவ்வளவும் சொல்லிய பிறகுதான் பெயருக்கு வர வேண்டும். ஒருநாள் நான் அவசரக்குடுக்கையாக "கலிம்பா சார்" என்று கத்திவிட்டேன். திரும்பிப் பார்த்தால் மாஸ்டர் தன் சட்டைப்பை சீப்பின் பற்களை நகத்தால் தட்டிக்கொண்டிருக்கிறார். "ரொம்ப நன்றி எஸ்தர்." பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இனி அந்தப் படத்துக்கு வருகிறேன். கடலுக்கடியில் ஒரு ராஜ்ஜியம், அதில் பேச்சு வராத ஒரு ராணி. அவள் வாய் திறக்கும்போதெல்லாம் குரலுக்குப் பதிலாக ஒரு வாத்தியம் ஒலிக்கும். அந்த ராணியின் சத்தம்தான் படத்துக்கே உயிர். பின்னணி இசையில் ஒரு பகுதியைக் குற்றாலத்தில் ஒரு பங்களாவில் வைத்து எடுத்தோம். அருவியில் தண்ணீர் இல்லாத பங்குனி மாதம். தண்ணீர் விழுந்தால் அந்தச் சத்தம் மைக்கில் ஏறும் என்று மாஸ்டர் வேண்டுமென்றே அந்த மாதத்தைப் பிடித்தார். பங்களா காவல்காரருக்கு இது விளங்கவே இல்லை. "தண்ணி இல்லாத நேரத்துல குத்தாலத்துல வந்து என்னத்த பண்ணுதிய?" என்று தினமும் கேட்பார். சீசன் கூட்டம் இல்லாததால் குரங்குகள் பசியோடு கூரைமேல் ஓடி ஓடிப் பல டேக்குகளைக் கெடுத்தன. பின்கட்டு அறை ஒன்றில் சுவர் முழுக்க மெத்தைகளைச் சாத்தி அதைத்தான் ரெக்கார்டிங் அறை ஆக்கியிருந்தார்கள்.

ராணியின் சத்தத்துக்கு மாஸ்டர் செல்லையா அண்ணாச்சியை வரவழைத்தார். பக்கத்து இலஞ்சிக்காரர். கிளாரினெட் வாசிக்கத்தான் சென்னைக்கு வந்தார். மாஸ்டர் கையில் கிடைத்த பிறகு உலகத்தில் ஊதுகிற சாமான் எதுவானாலும் ஒரு வாரத்தில் ஊதிவிடுவார். டுடுக் என்றால் இசைக்குழுவில் அவர் பெயர்தான். ஆனால் அந்தச் சமயம் நெஞ்சு கெட்டுப்போய் வேலையை விட்டு ஊரோடு வந்திருந்தார். இனி ஊதவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதாகக் கேள்விப்பட்டோம். அன்று மத்தியானம் வந்தவர் முன்வாசல் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். "என்ன அண்ணாச்சி, இப்படி இருக்கியளே?" என்றேன். "மாஸ்டர் கூப்பிட்டா எப்பிடிம்மா வராம இருக்க?" என்றார்.

தனி வாத்தியம் எடுக்கும்போது மாஸ்டர் யாரையும் உள்ளே விடமாட்டார், அதற்குக் குறிப்பும் எழுதித் தரமாட்டார், வாயாலேயே பாடிக் காட்டுவார். நான் முன் அறையில் எழுதிக்கொண்டிருந்தேன். மூடின கதவுக்கும் மெத்தைக்கும் இந்தப் பக்கம் அந்தச் சத்தம் மெல்லியதாக வந்தது. டுடுக் என்று நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. உள்ளே இருப்பவர் செல்லையா அண்ணாச்சி, வேறென்ன வாசிப்பார்? படம் வெளிவருவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார், பிற்பாடு மாஸ்டரும் போய்விட்டார்.

இப்போது அந்தப் படத்தைத் திரையில் ஓடவிட்டு, மேடையில் நேரடியாக வாத்தியக்காரர்களை உட்காரவைத்து இசையை வாசிக்கப் போகிறார்களாம். ராணியின் சத்தத்துக்கு யாரை உட்காரவைப்பது என்பதுதான் நிவேதாவின் கேள்வி. சிடி அட்டையில் 'டுடுக்: செல்லையா' என்று இருக்கிறது. சாஃப்ட்வேரோ வில் போட்டு இழுக்கிற கம்பி வாத்தியம் என்கிறது. அந்தப் பகுதியை மட்டும் பிரித்து எனக்கு அனுப்பினாள்.

காதில் மாட்டிக் கேட்டேன். "டுடுக்தான்" என்று உடனே செய்தி போட்டுவிட்டேன். அப்புறம் சீப்பு நினைவுக்கு வந்தது. மறுபடி கேட்டேன். ஆரம்பத்தில் காற்றே இல்லை. இசை வாக்கியங்களின் நடுவே லேசாக ஒரு தடிப்பு வருகிறது, வில் திரும்பினால் அப்படித்தான் வரும். "இழுத்தது மாதிரியும் இருக்கு" என்று இன்னொரு செய்தி. பிறகு உதட்டைக் குவித்துக் கூடவே ஊதிப் பார்த்தேன். என் மூச்சு எங்கே தீர்கிறதோ, சரியாக அங்கே அந்த வாக்கியமும் தீர்ந்தது. ஒன்றில் இல்லை, எல்லா வாக்கியத்திலும். ஊதத் தெரிந்த ஒருவரால்தான் இப்படி நிறுத்த முடியும். மூன்றாவது செய்தியில் "ஒருவேளை மனிதக் குரலோ?" என்று எழுதினேன். நிவேதா ஒரு கேள்விக்குறியை மட்டும் அனுப்பினாள். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்ற என் கணவரிடம் கொடுத்தேன். "எனக்கு எல்லாமே நாதஸ்வரமாத்தான் கேக்குது" என்று போனைத் திருப்பித் தந்துவிட்டார்.

எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை வருஷம் இதையே தொழிலாகச் செய்தவளுக்கு இது தெரியாதா? அண்ணாச்சி வீட்டில் ஏதாவது தெரிந்திருக்கும் என்று பஸ் ஏறி இலஞ்சிக்குப் போனேன்.

அண்ணாச்சியின் மனைவி பார்வதி மதினியைக் கல்யாண வீடுகளில் பார்ப்பதோடு சரி. வா என்று கூப்பிட்டு உட்காரவைத்து காபி கொடுத்தார். நான் விஷயத்தைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. டம்ளரை என் கையிலிருந்து பிடுங்காத குறையாகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஏட்டி எஸ்தரு, அப்பொ அது ஊதுனதா இல்லியான்னு ஒனக்குக் கண்டுபிடிக்க முடியுமா?"

"அதுக்குத்தான் மதினி வந்தேன்."

"முடியுமான்னு கேக்கேன்."

பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. டாக்டர் ஊதக் கூடாது என்று சொன்ன அன்று, அண்ணாச்சி கேட்பாரோ மாட்டாரோ என்று மதினி அவரை விடவில்லை. அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகன் முருகேசனை முன்னால் நிறுத்திச் சத்தியம் வாங்கியிருக்கிறார்.

"பிள்ள தலையில அடிச்சு சத்தியம் பண்ணுனாகட்டி, இனிமே ஊதமாட்டேன்னு. அதுக்குப் பொறவுதான் குத்தாலத்துக்குக் கூப்புட்டு ஆள் வந்துச்சு. போயிட்டு வந்தாக. ஊதுனீகளான்னு கேட்டேன். ஊதலட்டின்னாக. நானும் நம்புனேன். அவுக போய்ச் சேந்த பொறவு படம் வந்துச்சு. அந்த அட்டைய எவனோ கொண்டாந்து காட்டுதான். டுடுக், செல்லையான்னு போட்டிருக்கு. டுடுக்குன்னா ஊதுததுதான?"

நான் ஆமாம் என்று தலையசைத்தேன்.

"முருகேசன் இப்பம் பட்டாளத்துல இருக்கான். எல்லையில, பனியில. அவுக ஊதியிருந்தா அந்தச் சத்தியம் யார் தலையில விடியும்? சொல்லு. போன் அடிச்சா சாமி பேரச் சொல்லித்தான் எடுக்கேன். வருஷம் தவறாம முருகன் கோயில்ல அவன் பேருக்கு அபிஷேகம் பண்ணுதேன். அவன்ட்ட ஏன்னு சொன்னதில்ல."

மாஸ்டர் துக்கம் கேட்க வந்ததையும் சொன்னார். அதற்குள் அட்டை வந்துவிட்டிருந்தது. வாசலில் நின்ற மாஸ்டரை உள்ளே வா என்று சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டாராம். அவர் ஊதச் சொல்லித்தான் இவர் ஊதியிருப்பார், அதில்தான் நெஞ்சு போயிருக்கும் என்ற கோபம்.

மேடையில் யாரை உட்காரவைப்பது என்று ஒரு கேள்வியோடு போனவள் நான். ஊதினார் என்று சொன்னால் இந்தம்மா உயிரோடு இருக்கிறவரை பயந்தே சாவார். ஊதவில்லை என்று ஆறுதலுக்காகச் சொல்லிவிடலாம். ஆனால் என் முகத்தைப் பார்த்தே பொய் என்று கண்டுபிடித்துவிடுவார் போலிருந்தது. ஏற்கெனவே ஒருவர் சொன்னதை நம்பி ஏமாந்ததாக நினைத்துக்கொண்டிருப்பவர். தெரிந்துகொண்டு வருகிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தேன். எதை வைத்துத் தெரிந்துகொள்வது என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் புரியவில்லை.

வீட்டுக்கு வந்து நிவேதாவைக் கூப்பிட்டேன்.

"ஏம்மா, ஆரம்பத்துல காத்தும் இல்ல, சொரசொரப்பும் இல்ல. நடுவுல மூச்சுகூட இல்ல. மனுஷன் வாசிச்சதுதானா இது?"

"அதெல்லாம் க்ளீன் பண்ணித்தான் அனுப்பினேன் மேடம். மூச்சு, சேர் கிறீச்சுன்னது, குரங்கு சத்தம், எல்லாத்தையும் நாய்ஸ்னு எடுத்துடுவோம். இப்ப அதுதான் வழக்கம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஆள் என்ன செய்கிறான் என்று கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டு ஆளையே துடைத்து அனுப்பியிருக்கிறாள். "குளிப்பாட்டாம, தலை சீவாம, அப்படியே அனுப்பு" என்றேன். அனுப்பினாள்.

முதலில் கூரைமேல் குரங்கு ஓடியது. அப்புறம் நாற்காலி முனகியது. அப்புறம் மூச்சு. மைக் மிகவும் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும், அண்ணாச்சியின் மூச்சு என் காதுக்குள்ளேயே இளைத்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் இழுக்கிற மூச்சு, ஊதுகிறவர்கள் இழுப்பது போலவே. சத்தம் பிறக்கிற இடத்தையே அது மூடிவிட்டது. ஊதித்தான் இருக்கிறார். மதினியிடம் என்ன சொல்வது? காதிலிருந்து கழற்றி வைத்துவிட்டு அடுப்படியில் போய் நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து, முழுசாகக் கேட்காமல் முடிவு செய்தால் மாஸ்டர் நன்றி சொல்லி அனுப்பிவிடுவார் என்று திரும்ப வந்தேன்.

ராணி கடைசியாகக் கரைக்குக் கை நீட்டுகிற இடத்தில் ஒரு நீளமான சுரம் வரும். படத்தில் அங்கே அலைச் சத்தமும் இடியும் போட்டு நிரப்பியிருப்பார்கள். இதில் அவை இல்லை. அந்தச் சுரம் போய்க்கொண்டிருக்கும்போது அண்ணாச்சி இருமினார்.

அடக்கப் பார்த்து, முடியாமல், வாயை மூடிக்கொண்டு ஒரு இருமல். கூடவே இன்னொன்று. பிறகு வாய் திறந்து விசிலடிக்கிற மாதிரி ஒரு மூச்சு உள்ளே போனது. அத்தனைக்கும் கீழே அந்தச் சுரம் அசையாமல் போய்க்கொண்டே இருந்தது.

திரும்பத் திரும்ப அதையே கேட்டேன். இருமிக்கொண்டே யாராவது ஊத முடியுமா? மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே ஊத முடியுமா? மூக்கால் இழுத்துக்கொண்டு நிற்காமல் ஊதுகிற வித்தை உண்டு, தெரியும். அது மூக்கால், சட்டென்று. வாய் திறந்து இருமினால் எந்தக் கொம்பனுக்கும் சத்தம் நின்றுவிடும். இங்கே நிற்கவில்லை, நடுங்கக்கூட இல்லை. சத்தம் வாயிலிருந்து வரவில்லை. மடியில் இருந்த எதிலிருந்தோ வந்திருக்கிறது. மாஸ்டரிடம் அப்படி மடியில் வைத்து இழுக்கிறது எர்ஹூ ஒன்றுதான், அதைச் சுருதி இறக்கி அவர் கையில் கொடுத்திருக்கிறார். மாஸ்டர் அறையில் கிடக்கிற எதையும் எடுத்து வாசித்துப் பார்க்கிற இவர், அதை இழுத்திருக்கிறார். ஆனால் வாழ்நாள் முழுக்க ஊதின உடம்பு, வில்லைப் பிடித்த பிறகும் மூச்சு தீர்கிற இடத்தில்தான் வாக்கியத்தை நிறுத்தியிருக்கிறது. என்னையும் அதுதான் ஏமாற்றியது.

சிடி அட்டையில் ஏன் டுடுக் என்று வந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. அந்தக் காலத்தில் ஒருவருடைய இசைக்கலைஞர் சங்க உறுப்பினர் அட்டையில் ஊதுபவர் என்று இருந்தால் அவர் பெயர் ஊதுகிற வாத்தியத்துக்கு எதிரேதான் வரும். வில் வாத்தியத்துக்கு எதிரே போட்டால் வயலின்காரர்கள், எங்கள் வேலையை இவருக்கு எப்படிக் கொடுத்தீர்கள் என்று சண்டைக்கு வருவார்கள். மாஸ்டர் அதற்காகப் போட்டாரா, இல்லை அலுவலகத்தில் வழக்கம்போல அச்சடித்தார்களா, அது எனக்குத் தெரியாது. எங்கள் தொழிலில் இதை யாரும் தப்பாகவே நினைத்ததில்லை. இலஞ்சியில் ஒரு வீட்டில் அந்த ஒரு வரியை இப்படிப் படிப்பார்கள் என்று யாருக்குத் தோன்றும்?

மறுநாள் காலையிலேயே போனேன். மதினி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே போய் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். ஊதுவது எப்படி, இழுப்பது எப்படி, இருமினால் என்ன ஆகும் என்று அவரையே உதட்டைக் குவித்து ஊதச் சொல்லி, நடுவில் இருமச் சொல்லிக் காட்டினேன். இரண்டு கிழவிகள் எதிரெதிரே உட்கார்ந்து ஊதி இருமுவதை யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். பிறகு போனை அவர் காதருகே வைத்தேன்.

இருமல் வந்ததும் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அவுகதான்."

"ஊதல மதினி. சத்தியத்தக் காப்பாத்திட்டாக."

சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஊதலட்டின்னு சொன்னாகல்லா" என்றார். மறுபடியும், "என்ட்ட சொன்னாகல்லா. நாந்தான நம்பாமப் போயிட்டேன்" என்றார். அப்புறம் மாஸ்டர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்டார். இறந்துவிட்டார் என்று சொன்னேன். எனக்கு நல்லது செய்தேனா கெட்டது செய்தேனா என்றே தெரியவில்லை. மகனைப் பற்றிய பயத்தை எடுத்துவிட்டு வேறு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டு வந்தேனோ என்று இன்றைக்கும் குழம்புகிறேன்.

அவராகவே எழுந்து போய் முருகேசனுக்குப் போன் போட்டார். "ஒண்ணுமில்லலே, சும்மாதான் போட்டேன். சாப்டியாலே? குளிரா இருக்கா?" அவன் ஏதோ கேட்டிருப்பான். "அழலலே. ஜலதோசம்" என்று வைத்துவிட்டார்.

நான் அங்கிருந்தே நிவேதாவுக்கு, 'எர்ஹூ: செல்லையா' என்று போடச் சொல்லிச் செய்தி அனுப்பினேன். நல்லவேளை, இந்த முறை கேள்விக்குறி வரவில்லை. புறப்படலாம் என்று எழுந்தபோது மதினி விடவில்லை. இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்றார். முதலிலிருந்து போட்டேன். குரங்கு ஓடியது, நாற்காலி முனகியது, ராணியின் சத்தம் மெதுவாக எழுந்தது. எவ்வளவு அழகாக வாசித்திருக்கிறார் என்று அவருக்குச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பொறுமையில்லாமல் என் கையைத் தட்டினார்.

"பாட்டெல்லாம் வேண்டாம்ட்டி. அந்த இருமுத எடத்த மட்டும் போடு."